கல்லுக்குள் போய்வந்த தண்ணீர்: புதைந்த படிவுப் பாறைகளைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மூன்று படிகள். முதல் படி கருங்கல். இரண்டாவது வெள்ளைப் பளிங்கு. மூன்றாவது, உடைந்துபோன பழைய படிக்குப் பதிலாக யாரோ கொண்டுவந்து போட்ட சாம்பல் நிறப் பலகைக்கல். ஓரத்தில் தகடு தகடாகப் பிரியும், காலை வெயிலில் காக்காப்பொன் தூவியதுபோல மினுக்கும். பால் மரமெல்லாம் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகளும் பாதிக்கு மேல் இல்லை. படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கல்மலையில் முப்பது வருடம் வேலை பார்த்த என் மாமாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"இந்தக் கல்லெல்லாம் எப்படி மாமா இப்படி ஆச்சு?"

"வெந்துபோய்த்தான்டா மருமகனே. பூமிக்குள்ள இருக்குற சூடு சும்மா விடுமா?"

மாமா சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான். அரிசியை வெறும் சட்டியில் போட்டு எவ்வளவு நேரம் வறுத்தாலும் அது சோறாகாது. தண்ணீர் வேண்டும். பாறையும் அப்படித்தான். புதைந்த படிவுப் பாறைக்குள் ஒரு கனிமம் இன்னொன்றாக மாறும்போது பெரும்பாலும் அது உருகுவதில்லை. பழைய கனிமம் கரைகிறது, அணுக்கள் தண்ணீரில் நகர்கின்றன, பக்கத்திலேயே புதிய கனிமம் படிகிறது. சூடு அதற்கு வழிவிடுகிறது, வேலையைச் செய்வது தண்ணீர். ஆகவே ஒரு கல்லைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அதன் பெயரை அல்ல, தண்ணீர் போய்வந்த தடத்தைத்தான். எங்கள் ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கும் ஒரு சாதாரணக் கல்லை வைத்து அந்தத் தடத்தைப் பிடிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஓர் இரும்பு ஆணி, உடைந்த கண்ணாடித் துண்டு, ஒரு டார்ச் லைட், சின்ன பாட்டிலில் வினிகர், நோட்டு, பென்சில். இவ்வளவு போதும். வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்யும். கழிவறை கழுவும் அமிலத் திரவம் வேகமாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சொட்டு. குளோராக்ஸ் மாதிரி வெளுப்புத் திரவம் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

கல் தேடிக் குகைக்குள் சுத்தியலோடு போகாதீர்கள். குவா தெம்புரோங் குகை பார்ப்பதற்கு மட்டும். சுண்ணாம்புக்கல் மலைகளின் செங்குத்தான அடிவாரத்தில் நின்று கல் பொறுக்குவதும் வேண்டாம். 1973-இல் ஈப்போவின் குனோங் செரோவில் மலை முகம் பெயர்ந்து விழுந்து பலர் இறந்தார்கள். லம்பக்குட்டை, அதாவது பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை, ஓரமும் அப்படித்தான், திடமாகத் தெரியும் மணல் திடீரென்று இறங்கும். ஆற்றுக் கூழாங்கல், சாலையோரச் சரளை, கட்டுமான இடத்தில் மிஞ்சிய உடைகல் ஆகியவற்றிலேயே ஆறு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

படி 1: இது முதலில் என்னவாக இருந்தது?

சமைத்த பிறகும் குழம்பில் என்ன காய் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கல்லிலும் அப்படித்தான். படிவுகளில் பெரிய கூட்டம் மூன்று. மணல், பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா என்ற பொருளின் கெட்டிப் படிகம். சேறு, அதாவது களிமண் கனிமங்கள். மூன்றாவது சுண்ணாம்பு: சிப்பி, பவளம், நுண்ணுயிர்களின் ஓடு. நான்காவதாக ஒரு சின்னக் கூட்டமும் உண்டு, சிலிக்காவில் ஓடு கட்டும் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் படிவு. பாகான் செராய் பக்கம் குனோங் செமாங்கோல் வட்டாரத்தில் இது செர்ட் என்ற கெட்டிக்கல்லாகக் கிடைக்கிறது.

ஆணியால் கீறுங்கள். கோடு விழுந்தால் சுண்ணாம்பு அல்லது களிமண் வகை. ஆணி தேய்ந்து சாம்பல் கோடு மட்டும் விட்டால், கல் கண்ணாடியையும் கீறினால், குவார்ட்ஸ். பிறகு ஒரு சொட்டு அமிலம். நுரைத்துப் பொங்கினால் கால்சைட், சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்.

இங்கே நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அறிவியல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டி, அமிலம் ஊற்றினேன். நுரை வரவில்லை. "இது குவார்ட்ஸ்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஒரு பெண் மட்டும், "ஐயா, ஆணி கீறுதே" என்றாள். ஆமாம், கீறியது. அது டோலமைட். கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட், குளிர்ந்த அமிலத்தில் கட்டியாக இருக்கும்போது அசையாது. பொடித்துவிட்டு ஊற்றினால் மெல்ல நுரைக்கும். அன்றிலிருந்து ஒரே ஒரு சோதனையை நம்பி நான் எதற்கும் பெயர் வைப்பதில்லை.

படி 2: எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு?

சாதாரண நிலப்பரப்பில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். நம் ஊரில் மேற்பரப்பே 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 4 கிலோமீட்டர் ஆழத்தில் 127 முதல் 147 டிகிரி. தலைக்கு மேல் இருக்கும் பாறையின் கனத்தால் அழுத்தமும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 260 வளிமண்டலம் என்ற கணக்கில் ஏறும். அதனால்தான் 140 டிகிரியிலும் அங்கே தண்ணீர் கொதிப்பதில்லை. பிரஷர் குக்கரின் வேலைதான், கொஞ்சம் பெரிய குக்கர்.

கடலடியில் புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். மணலில் ஏறக்குறைய 40 சதவீதம் இடைவெளி, அதிலும் தண்ணீர். மேலே எடை ஏற ஏற முதலில் வெளியேறுவது இந்தத் தண்ணீர். பாறை இளமையாக இருக்கும்போதே அதன் வழியாக எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பாருங்கள். அது சும்மா ஓடுவதில்லை, வழியில் கிடப்பதையெல்லாம் கொஞ்சம் கரைத்துக்கொண்டே போகும்.

சுமார் 200 டிகிரி வரை நடப்பதை டையஜெனிசிஸ் என்கிறார்கள். படிவு கல்லாக இறுகும் கட்டம். அதற்கு மேல் உருமாற்றம், அதாவது கல் உருகாமலே சூட்டிலும் அழுத்தத்திலும் வேறு கல்லாவது. நடுவில் கோடு கிழித்து வேலி போட முடியாது. வெவ்வேறு கனிமங்கள் வெவ்வேறு இடத்தில் மாறுகின்றன.

படி 3: மணலை ஒட்டியது எது?

மணற்கல் துண்டு கிடைத்தால், புதிதாக உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். மணிகள் உதிர்ந்தால் பசை குறைவு. மணிகளைச் சுற்றி உடையாமல், மணிகளை ஊடுருவிக்கொண்டே உடைந்திருந்தால் பசையும் குவார்ட்ஸ்தான், அது ஏறக்குறைய குவார்ட்சைட் ஆகிவிட்டது.

இந்த குவார்ட்ஸ் பசை பொதுவாக 70, 80 டிகிரிக்கு மேல்தான் குறிப்பிடும்படி வளரும். சிலிக்கா எங்கிருந்து வந்தது? பாதி வீட்டுச் சரக்கு. இரண்டு மணிகள் தொடும் இடத்தில் அழுத்தம் அதிகம், அங்கே குவார்ட்ஸ் கரையும். அழுத்தம் குறைந்த இடைவெளியில் மறுபடி படியும். கல் தன்னையே தின்று தன்னையே ஒட்டிக்கொள்கிறது. மீதி பக்கத்துச் சேற்றுப் பாறையிலிருந்து வருகிறது. அந்தக் கதை அடுத்த படியில்.

செமாங்கோல் செர்ட்டில் இன்னும் அழகான மாற்றம். ரேடியோலேரியாவின் ஓடு முதலில் ஓப்பல், அதாவது நீர் கலந்த, ஒழுங்கில்லாத சிலிக்கா. புதையப் புதைய அது கரைந்து, கொஞ்சம் ஒழுங்கான இன்னொரு வகை ஓப்பலாகப் படியும். மறுபடி கரைந்து கடைசியில் குவார்ட்ஸ். பெரும்பாலும் 100 டிகிரியைத் தொடும் முன்பே கதை முடிந்துவிடும். மிருதுவான ஊளைச்சேறு இரும்பைக் கீறும் கல்லாகிறது, இவ்வளவுக்கும் அதன் வேதிப்பொருள் பெரிதாக மாறவில்லை.

படி 4: களிமண்ணின் ரகசியம்

என்னைக் கேட்டால் புதைந்த பாறைகளின் வரலாற்றில் மிக முக்கியமான பாத்திரம் ஸ்மெக்டைட் என்ற களிமண். கண்ணுக்குத் தெரியாது, பெயரும் வாயில் நுழையாது, ஆனால் நாடகம் முழுக்க அதன் கையில்.

அடுக்கி வைத்த அப்பளங்களுக்கு நடுவே ஈரத்துணி வைத்ததுபோல அதன் அமைப்பு. தகடு, நீர், தகடு, நீர். அதனால்தான் ஸ்மெக்டைட் உள்ள மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். புதைந்து 60, 70 டிகிரி தாண்டும்போது தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் நுழைய ஆரம்பிக்கும். அது வந்து உட்கார்ந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், நடுவிலிருந்த நீர் வெளியே போகும். இப்படிப் பிறப்பது இல்லைட். 120, 150 டிகிரிக்குள் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பொட்டாசியம் எங்கிருந்து? பக்கத்தில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் கரைந்து கொடுத்தது. ஆகவே ஒரு மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தால், அது எங்கோ ஒரு களிமண்ணுக்குப் பொட்டாசியம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த மாற்றத்தில் நீரோடு சிலிக்கா, இரும்பு, மக்னீசியமும் வெளியேறும். சிலிக்கா மணற்கல்லில் பசையாகப் போய் உட்காரும், இரும்பும் மக்னீசியமும் குளோரைட் என்ற பச்சைக் கனிமம் பிறக்க உதவும். ஒரு வீட்டில் கழித்ததைப் பக்கத்து வீட்டில் பயன்படுத்துவது லயத்தில் மட்டும் நடப்பதல்ல.

இதே வெப்ப எல்லையில்தான் சேற்றில் மடிந்த உயிர்ப்பொருளும் எண்ணெயாக மாறுகிறது. சரவாக்கின் மிரியில் 1910-இல் முதல் கிணறு தோண்டியதிலிருந்து இந்த நாடு எண்ணெயைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடுபவர்களுக்கு இல்லைட் நண்பனும் எதிரியும். மயிர்போல வளர்ந்து மணற்கல்லின் துளைகளை அடைத்துக்கொண்டால், உள்ளே எண்ணெய் இருந்தும் வெளியே வராது.

வீட்டில் இதைப் பார்க்க வழியில்லை, எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுக் கருவி வேண்டும். இல்லைட்டின் படிகம் சீராகச் சீராக அந்தக் கருவி வரையும் கோட்டின் முகடு ஒடுங்கும். அந்த அகலம் 0.42 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உருமாற்றத்தின் வாசற்படி, 0.25-க்குக் கீழே போனால் வீட்டுக்குள்ளேயே வந்தாகிவிட்டது. கூப்லர் எண் என்று அதற்குப் பெயர். நிலக்கரி கலந்த பாறையானால் இன்னொரு வழி உண்டு. மரச்சத்திலிருந்து வந்த விட்ரினைட் துணுக்கு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பார்கள். சூடு கூடக் கூட மினுக்கம் கூடும், ஆறினாலும் குறையாது. சிலாங்கூர் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை தோண்டிய நிலக்கரி இன்னும் முதிராத வகை. நம் கிந்தா பாறைகளோடு ஒப்பிட்டால் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

கைக்கு எட்டும் சோதனை ஒன்று சொல்கிறேன். சேற்றுக் கல்லின் ஒரு துண்டைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். கரைந்து சேறானால் அது அதிகம் புதையாதது. விளிம்பு மட்டும் மிருதுவானால் நடுத்தரம். ஒன்றுமே ஆகாமல், தட்டினால் 'டங்' என்று கேட்டால், களிமண் தன் நீரை எப்போதோ விட்டுவிட்டது.

படி 5: சுண்ணாம்பிலிருந்து பளிங்கு வரை

இனி நம்ம ஊர் விஷயம். ஈப்போவிலிருந்து கோப்பெங் வரும் வழியெல்லாம் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகள், டெவோனியன் காலத்திலிருந்து பெர்மியன் வரை, அதாவது ஏறத்தாழ 42 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வெப்பக் கடலில் படிந்த சுண்ணாம்பு. பிறகு டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 23 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், கீழிருந்து கருங்கல் குழம்பு ஏறி வந்தது. கிழக்கே கேமரன் மலையைத் தாங்கும் பெரிய மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர், இரண்டும் அதுதான். நடுவில் மாட்டிக்கொண்டது சுண்ணாம்பு.

குழம்பு வரும் முன்பே சுண்ணாம்பு பலமுறை மாறியிருந்தது. சிப்பிகளில் பாதி அரகோனைட் என்ற வகைக் கார்பனேட். அது நிலையில்லாதது. நீர் பட்டால் கரைந்து கால்சைட்டாகப் படியும். அப்புறம் அழுத்தத்தில் கரைதல். கல்லை அறுத்துப் பளபளப்பாக்கிய பலகையில் ஈ.சி.ஜி. கோடுபோல ஏறி இறங்கும் கறுப்புக் கோடுகள் தெரியும், வங்கிகளின் தரையில்கூடப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு ஸ்டைலோலைட் என்று பெயர். அந்தக் கோட்டின் இருபுறமும் இருந்த கால்சைட் கரைந்து போய்விட்டது. கரையாத களிமண்ணும் கரித்தூளும் மட்டும் கறுப்பாகத் தங்கிவிட்டன. எத்தனையோ அங்குலக் கல் ஒரு பென்சில் கோடாகச் சுருங்கியிருக்கிறது.

பிறகு மக்னீசியம் நிறைந்த நீர் ஊடுருவிய இடங்களில் கால்சைட் டோலமைட்டாக மாறும். இரண்டு கால்சைட்டிலிருந்து ஒரு கால்சியம் வெளியே போய் அந்த இடத்தில் மக்னீசியம் உட்காரும். கால்சியத்தைவிட மக்னீசியம் சிறியது. அதனால் பத்து சதவீதத்துக்கும் மேல் இடம் குறையலாம். டோலமைட்டில் சின்னச் சின்னப் பொத்தல்கள் தெரிந்தால் இது ஒரு காரணம்.

கருங்கல் குழம்பு நெருங்கியபோது கால்சைட் மணிகள் பெரிதாக வளர்ந்தன. சின்ன மணிகள் கரைந்து பெரிய மணிகளோடு சேர்ந்தன. சிப்பியின் உருவம் அழிந்தது. இதுதான் பளிங்கு. கம்பார், மாலிம் நாவார் பக்கம் சில இடங்களில் மட்டும் அதிகம் வேகாமல் தப்பிய சுண்ணாம்புக்கல்லில் தொல்லுயிர் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பளிங்கின் மணிகள் கல்கண்டுபோல, ஒவ்வொரு முகமும் தனித்தனியாக ஒளியைத் திருப்பும்.

சுத்தமான சுண்ணாம்பில் கதை அதோடு சரி. பளிங்கு அழகு, ஆனால் பேச்சு கம்மி. அழுக்குச் சுண்ணாம்புதான் நிறையப் பேசும். அதில் மணல் கலந்திருந்தால், கால்சைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து வொல்லஸ்டோனைட் என்ற புதிய கனிமம் ஆகும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நார்வேயின் கோல்ட்ஷ்மிட் 1912-லேயே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். டோலமைட்டில் சிலிக்கா புகுந்தால் டால்க், டிரெமோலைட், டையாப்சைட், ஃபோர்ஸ்டரைட் என்று சூட்டின் வரிசையில் கனிமங்கள் வரும். 1940-இல் பாறையியலாளர் போவன் இப்படி ஒரு வரிசையை ஏணிபோல அடுக்கிக் காட்டினார்.

இங்கே தண்ணீரின் வேலையைக் கவனியுங்கள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தேங்கினால் வினை நின்றுவிடும், இன்னும் சூடு கேட்கும். வெளியிலிருந்து நீர் ஓடிவந்து அதை நீர்க்கச் செய்து அடித்துக்கொண்டு போனால், அதே வினை 100 டிகிரிக்கும் மேல் குறைந்த வெப்பத்திலேயே நடந்துவிடும். ஆகவே வொல்லஸ்டோனைட் கண்டதும் "ஓ, பயங்கர சூடு" என்று குதிக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் ஓடியிருக்கலாம். வெறும் தெர்மாமீட்டராகக் கனிமத்தைப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கருங்கல்லிலிருந்து வந்த நீர் சிலிக்கா, இரும்பு, ஃப்ளோரின், ஈயம் (நம் ஊரில் வெள்ளீயத்தைத்தான் இப்படிச் சொல்வோம்) எல்லாவற்றையும் சுமந்து வந்து சுண்ணாம்போடு வினைபுரிந்தால் ஸ்கார்ன் என்ற பச்சையும் பழுப்புமான கல் பிறக்கும். கார்னெட்டும் டையாப்சைட்டும் நிறைந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிராமாட் பூலாயில் 1930-களில் டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டைத் தோண்டினார்கள், கூடவே ஃப்ளூரைட்டும் கிடைத்தது. கம்பாருக்குத் தெற்கே செண்டெரியாங் பக்கத்து சுங்கை லாவில் கண்டுபிடித்த கனிமத்துக்கு உலகமே மலாயாயைட் என்று நம் நாட்டின் பெயரை வைத்தது. கால்சியமும் வெள்ளீயமும் சிலிக்காவும் சேர்ந்தது, சிற்றலைப் புறஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சாதாரணமாக ஈயம் கேசிட்டரைட் என்ற தாதுவாகத்தான் படியும். சுண்ணாம்பு பக்கத்தில் இருந்ததால் கால்சியத்தோடு கைகோத்து இப்படி ஒரு பிறவி.

படி 6: தகடு பிரியும் கல்

சேறு தொடர்ந்து சூடானால் வரிசை எளிது. முதலில் ஸ்லேட், பிறகு பட்டுப்போல மினுக்கும் ஃபிலைட், பிறகு கண்ணுக்குத் தெரியும் காக்காப்பொன் நிறைந்த சிஸ்ட், கடைசியில் வரிவரியான நைஸ். பக்கவாட்டில் நசுக்கும்போது தகடு கனிமங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்து வளரும். அதனால்தான் பிரியும்.

1893-இல் ஸ்காட்லாந்து மலைகளில் ஜார்ஜ் பாரோ தொடங்கிவைத்த ஆய்வு, பின்னால் குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று சூடு ஏறும் வரிசையாக முழுமையடைந்தது. ஒவ்வொரு படியிலும் பாறை கொஞ்சம் நீரை இழக்கிறது. சாதாரணச் சேற்றுப் பாறையின் எடையில் 5 சதவீதம் போலக் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீர் இருக்கும். நைஸ் ஆகும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். அந்த நீர் எங்கே போனது என்பதற்கு அடுத்த படி.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் கருங்கல்லும் சிஸ்டும் மாறி மாறி வரும். போஸ் சிலிம் பக்கத்தில் சாலை போட்ட காலத்தில் மலைச்சரிவு பெரிய தலைவலியானது சிஸ்ட் உள்ள இடத்தில்தான். தகடு சாய்ந்த பக்கம் சரிய அதற்குத் தயக்கமே இல்லை.

படி 7: வெள்ளை நரம்புகள்

கல்லில் வெள்ளைக் கோடு ஓடினால், அதுதான் தண்ணீர் போட்ட கையெழுத்து. வெளியேற வழியில்லாமல் நீரின் அழுத்தம் ஏறினால் பாறை விரிசல் விடும். நீர் பாயும், அழுத்தம் குறையும், கரைந்திருந்தது படியும், விரிசல் மூடும். மறுபடி அழுத்தம் ஏறும். ஒரே நரம்பு இப்படி நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடியிருக்கலாம். ஓரத்துக்கு இணையாக மெல்லிய கோடுகள் தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

நரம்பு கீறுகிறதா, நுரைக்கிறதா? கால்சைட். கீறவில்லையா? குவார்ட்ஸ். அதில் கறுப்பும் பழுப்புமான, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் மணிகள் இருந்தால், கேசிட்டரைட் என்று சந்தேகப்படலாம். கிந்தாவை உலகத்துக்குக் காட்டியது இதுதான். கருங்கல் ஆறும்போது கடைசியாக மிஞ்சிய சூடான நீர் ஈயத்தைச் சுமந்து விரிசல்களில் ஏறியது, கருங்கல்லையே தின்று குவார்ட்ஸும் காக்காப்பொன்னுமாக மாற்றியது. பிறகு மழை அந்த நரம்புகளை அரித்து ஈயமணலாகப் பள்ளத்தில் கொட்டியது. அதைத்தான் லம்பத்தில் எல்லோரும் அலசினார்கள். குவா தெம்புரோங் குகைக்குள்ளேயே ஒரு காலத்தில் ஈயம் தோண்டியிருக்கிறார்கள்.

குவார்ட்ஸ் நரம்புக்குள் அந்தப் பழைய நீரே இன்னும் சிறைப்பட்டிருக்கும், மயிரிழையைவிடச் சின்னத் துளிகளாக. துளிக்குள் ஒரு குமிழி. கல்லை மெல்லச் சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் குமிழி மறையும். நரம்பு படிந்தபோது இருந்த வெப்பம் குறைந்தபட்சம் அவ்வளவு. 1858-இல் ஹென்றி சோர்பி இதைச் செய்து காட்டியபோது, நுண்ணோக்கியில் மலையைப் படிக்க முடியுமா என்று கேலி பேசினார்களாம்.

சூடான நீர் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்பவர்களை நான் லுபோக் தீமா வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப்போவேன். சுங்காய் (Sungkai) ஊர்ப் பக்கம் சுங்கை கிளாவில் முட்டையே அவிக்கிறார்கள். எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் விரிசல் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, மறுபடி ஏறிவருகிறது.

படி 8: திரும்பி வந்த நீர்

ஒரு கேள்வி வரும். சூட்டில் பிறந்த கனிமங்கள், பாறை ஆறியதும் ஏன் பழையபடி களிமண்ணாகத் திரும்பவில்லை? ஏனென்றால் தண்ணீர் போய்விட்டது. கரைக்கவும் நகர்த்தவும் ஆளில்லை. அடுப்பை அணைத்தாலும் சோறு அரிசியாகாததுபோல.

நீர் திரும்பி வந்த இடத்தில் மட்டும் திரும்பும். கார்னெட்டின் விளிம்பில் பச்சைக் குளோரைட், கறுப்புப் பயோடைட் மங்கிப் பச்சையாவது, ஃபெல்ட்ஸ்பார் பால்போல வெளுப்பது எல்லாம் அந்தத் தடம். தாப்பா, பீடோர் பக்கம் தோண்டும் வெள்ளைக் கயோலின், கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பார் இப்படி நீரால் சிதைந்து வந்ததுதான். நம் ஊர் மழை இதில் இன்னொரு அடுக்கு. மேற்பரப்பில் செம்மண்ணாகிப்போன கல்லை வைத்து ஆழத்தில் நடந்ததைச் சொல்லாதீர்கள். எப்போதும் உடைத்து, உள் முகத்தைப் பாருங்கள்.

படி 9: வரிசைப்படுத்துவது

எது எதை வெட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். வெட்டுவது பிந்தியது, வெட்டுப்பட்டது முந்தியது. கோயிலின் இரண்டாவது படியை வைத்தே செய்துபார்த்தேன்.

ஆணி கீறியது. ஓரத்தில் உதிர்ந்திருந்த துணுக்கில் ஒரு சொட்டு விட்டேன், உடனே பொங்கியது. கால்சைட். மணிகள் கல்கண்டு அளவு, சிப்பி எதுவும் இல்லை. ஆக பளிங்கு. நடுவே ஒரு கறுப்பு ஸ்டைலோலைட் கோடு மங்கலாக. அது புதைவுக் காலத்தது. அந்தக் கோட்டின் ஓரமாக மட்டும் வெள்ளையும் வெளிர்பச்சையுமாக ஊசிகள், கண்ணாடிபோல மினுக்காமல் பட்டுபோல. ஆணி அவற்றில் வழுக்கியது. டிரெமோலைட் என்று நினைக்கிறேன். கறுப்புக் கோட்டில் தங்கிய களிமண்ணும் சிலிக்காவும்தான் அதற்குச் சரக்கு கொடுத்திருக்க வேண்டும், வேறெங்கும் ஊசி இல்லை. இவை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளை நரம்பு. அதிலும் நுரை. கடைசியாக வந்த நீர்.

கடலில் படிந்தது, புதைந்து கரைந்தது, கருங்கல் பக்கத்தில் வந்து வெந்தது, ஆறிய பிறகு விரிந்து மறுபடி நீர் புகுந்தது என்று நோட்டில் நான்கு வரி எழுதினேன். பூசாரி ஐயா கதவைத் திறக்க வந்தவர், நான் படியில் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து, "என்ன தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டார். மூன்றாவது படியில் கார்னெட் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. அது அடுத்த வெள்ளிக்கிழமைக்கு.